வடக்கே புறப்படும் பறவைகளும் பங்குனியில் வற்றும் ஏரியும்

கேள்வியின் சாரம் இது: "எங்கள் ஊர் ஏரிக்கு ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வருகின்றன. மார்ச் மாதத்தில் நீர் வற்றத் தொடங்கியதும் பெரும்பாலானவை போய்விடுகின்றன. இந்த ஆண்டு அதே சமயத்தில் ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்தி, கரையைச் சுற்றி நடைபாதை அமைக்கும் பணி தொடங்கவிருக்கிறது. பறவைகள் இல்லாத காலத்தில் வேலை நடந்தால் அவற்றுக்கு என்ன பாதிப்பு என்று கேட்கிறார்கள். அந்த வாதம் சரிதானா? சரியில்லை என்றால் ஊர்க்காரர்களாகிய நாங்கள் என்ன செய்ய முடியும்?"

அந்த வாதம் சரியல்ல. பறவைகளின் கணக்கில் பார்த்தால், ஆண்டின் மிக மோசமான நேரத்தை அந்தப் பணிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆனால் இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதால் பயனில்லை. பணியைத் தடுப்பதைவிட அதன் காலத்தையும் வடிவத்தையும் மாற்றக் கோருவதே வெற்றி பெறக்கூடிய வழி என்பது என் கருத்து. இரண்டையும் விளக்குகிறேன்.

மார்ச் மாதத்தில் ஏரி காலியாகிவிடுகிறது என்பது வாத்துகளை மட்டும் பார்த்துச் சொல்லப்படுவது. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து ஆகியவை நடு ஏரியில் கூட்டமாக மிதக்கும்போது பேருந்தில் போகிறவர் கண்ணுக்குக்கூடத் தெரிகின்றன. அவற்றில் பெரும்பகுதி மார்ச் இறுதிக்குள் வடக்கே சென்றுவிடுவதும் உண்மைதான். உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அப்படிக் கண்ணில் படுவதில்லை. சேற்றின் நிறத்திலேயே இருக்கும் இந்தச் சிறு பறவைகள், நீர் பின்வாங்கி வெளிப்படும் ஈரச் சேற்றில் ஏப்ரல் முழுவதும், சில இனங்கள் மே முதல் வாரம் வரையிலும்கூட, இரை தேடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு மார்ச் நடுவில் தொடங்கும் அந்த ஆறேழு வாரங்களே ஆண்டின் முக்கியமான தீவனக் காலம்.

காரணம் இது. கொசு உள்ளான் என்ற பறவையின் எடை ஏறத்தாழ 25 கிராம். அது இனப்பெருக்கம் செய்வது ரஷ்யாவின் வடகோடியில் உள்ள துருவச் சமவெளியில். தமிழகத்திலிருந்து அந்த நிலம் 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே பனி உருகிப் பூச்சிகள் பெருகும் காலம் ஜூன், ஜூலை என மிகக் குறுகியது. அதற்குள் போய்ச் சேர்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டு, குஞ்சுகளைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். தாமதமாகப் போய்ச் சேரும் பறவைக்கு அந்த ஆண்டு வீணாகிவிடக்கூடும். அதனால்தான் நம்மிடம் வரும்போது பல இடங்களில் தங்கித் தங்கி வரும் பறவைகள், திரும்பிப் போகும்போது அவசரமாகப் போகின்றன. அந்த அவசரத்துக்கான எரிபொருள் உடலில் சேரும் கொழுப்பு. நீண்ட தூரம் இடைநில்லாமல் பறக்கும் கரைப்பறவைகள், புறப்படுவதற்கு முந்தைய சில வாரங்களில் தம் எடையை ஐம்பது சதவீதத்துக்கும் மேல் கூட்டிக்கொள்கின்றன. சில இனங்கள் முதலில் செரிமான உறுப்புகளையே பெரிதாக்கி நிறைய உண்டு, பறக்கும் நாள் நெருங்கும்போது அவற்றைச் சுருக்கிக்கொண்டு சுமையைக் குறைக்கின்றன.

மார்ச் இறுதியில் ஒரு வளைமூக்கு உள்ளானைத் தொலைநோக்கியில் பார்த்தால் இந்த ஆயத்தம் உடலிலேயே தெரியும். குளிர்காலம் முழுவதும் சாம்பலும் வெள்ளையுமாக இருந்த மார்பில் செங்கல் நிறத் திட்டுகள் விட்டுவிட்டுத் தோன்றியிருக்கும். ஏப்ரல் நடுவில் அதே பறவை கழுத்து முதல் வயிறு வரை சிவந்து நிற்கும். இறகு மாற்றத்துக்கும் கொழுப்புச் சேமிப்புக்கும் ஒரே நேரத்தில் உணவு வேண்டியிருப்பதால் அது தலை நிமிர்வதே அரிது. தையல் இயந்திரத்தின் ஊசி போல அலகைச் சேற்றில் இறக்கி ஏற்றிக்கொண்டே நகரும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிட்டுவரும் பறவைகளில் இந்த இனமும் ஒன்று. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் 'அழிவாய்ப்புள்ளவை' என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டன. அதற்கு முன் சாம்பல் உப்புக்கொத்தி கவலைக்குரியதாகவே கருதப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாகப் பார்க்கிற பறவைதானே என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு பறவையின் நிலை இப்படி மாறிவிடுகிறது.

அடுத்து, ஏரியின் வடிவம். எந்தப் பறவை எங்கே இரை தேடும் என்பதை அதன் கால் நீளமும் அலகு நீளமும் தீர்மானிக்கின்றன. கொசு உள்ளானுக்கு வேண்டியது ஈரச் சேறும் அதன் மீது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீரும். பொறி உள்ளான் இன்னும் சற்று ஆழத்தில் நிற்கும். கருவால் மூக்கன் தன் முழங்கால் அளவு நீரில் நின்றும் நீண்ட அலகால் துழாவும். நம் ஏரிகள் நீர்ப்பிடிப்புப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சரிவோடு அமைந்தவை. நீர் தினமும் சிறிது சிறிதாக உள்வாங்கும்போது, அந்தச் சரிவில் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு சேற்றுப் பட்டை வெளிப்படுகிறது. நேற்றுவரை நீருக்கடியில் இருந்த புழுக்களும் கொசு இனப் பூச்சிகளின் இளம்புழுக்களும் இன்று எட்டும் தூரத்துக்கு வருகின்றன. பங்குனி ஏரி ஒரு பந்தி என்றால், வற்றுகிற நீர்தான் பரிமாறுகிறது.

இந்தச் சரிவை வெட்டி எடுத்துச் செங்குத்தான கரையுள்ள தொட்டியாக ஏரியை மாற்றினால், அதன் பின் எத்தனை டி.எம்.சி. நீர் நின்றாலும் அது உள்ளான்களுக்குப் பயன்படாது. அழகுபடுத்தும் திட்டங்களின் அடிப்படைக் குறை இதுவே. கோவையில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் போன்ற குளங்களின் கரைகள் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின் கீழ் நடைபாதைகளாகவும் பூங்காக்களாகவும் மாற்றப்பட்டபோது, பறவை ஆர்வலர்கள் சுட்டிக்காட்டியதும் கரையோர ஆழமற்ற பகுதியின் இழப்பைத்தான். மாலையில் நடக்க வரும் மக்களுக்கு அது நல்ல வசதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுற்றளவு முழுவதும் நடைபாதை வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. ஒரு பக்கம் போதும்.

வேலை ஏன் எப்போதும் மார்ச், ஏப்ரலிலேயே வருகிறது என்பதும் புரிந்துகொள்ள வேண்டியதே. இதில் சதி எதுவும் இல்லை. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால் ஒதுக்கிய பணத்துக்கு அதற்குள் பணி ஆணை தர வேண்டியிருக்கிறது. ஏரிக்குள் பொக்லைன் இறங்கத் தரை காய்ந்திருக்க வேண்டும். வண்டல் மண் எடுக்கும் உழவர்களுக்கும் கோடைதான் வசதி. குப்பை கொட்டுகிறவர்களுக்கும் நீர் விலகிய உள்வாய்ப் பகுதியை மேடாக்கி வளைத்துப் போடுகிறவர்களுக்கும்கூட அதே காலம்தான் தோது. இவ்வளவு நடக்கும்போது அந்த ஏரியைப் பற்றிய பறவைப் பதிவு எதுவும் கையில் இருப்பதில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது; தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான். இரண்டும் அருமையான முயற்சிகள். ஆனாலும் ஜனவரிப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு ஏப்ரல் மாத வேலையை எதிர்த்துப் பேச முடியாது. மே இரண்டாம் சனிக்கிழமை கொண்டாடப்படும் உலக வலசைப் பறவைகள் நாளும் நமக்கு உதவாது. அன்று நம் ஏரிகளில் விழாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெறும் ஏரியைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே முதல் வேலை, மார்ச் முதல் தேதியிலிருந்து மே பத்தாம் தேதி வரை வாரம் ஒரு முறை, ஒரே இடத்திலிருந்து, ஒரே நேர அளவுக்குப் பறவைகளை எண்ணிப் பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றுவது. "நிறையப் பறவைகள் வருகின்றன" என்ற வாக்கியத்துக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எந்த மதகுக்கு எதிரே நின்று பார்த்தீர்கள், இனம் வாரியாக எத்தனை, நீர்விளிம்பு கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது ஆகியவை அடங்கிய பதிவுக்கு மதிப்பு உண்டு. கைப்பேசியில் இடக்குறியீடும் தேதியும் படத்திலேயே பதியும்படி எடுத்த சேற்றுப் பகுதியின் படங்களும் வேண்டும். பறவையின் அழகான படத்தைவிட, பறவைகள் மேயும் சேற்றுக்குப் பின்னால் மதகோ மின்கம்பமோ தெரியும்படி எடுத்த சாதாரணப் படம் வழக்குக்குப் பயன்படும். அருகில் போய்ப் பறவைகளை எழுப்பிவிட்டுப் படம் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அவை சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு வீணாகிறது.

இரண்டாவது வேலை காகிதத்தில் நடப்பது; பலர் இதைச் செய்யாமலேயே மனு எழுதிவிடுகிறார்கள். ஏரி யாருடையது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நகர எல்லைக்குள் இருந்தால் மாநகராட்சி அல்லது நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கலாம். வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் ஏரியின் சர்வே எண்கள் அனைத்தையும், அவற்றின் வகைப்பாட்டையும் பரப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதை இணையத்திலேயே பார்க்கலாம். பிறகு புல வரைபடத்தோடு ஒப்பிட்டு, நடைபாதை வரப்போகும் கோடு நீர்ப்பரப்புக்குள் எங்கே விழுகிறது என்று குறியுங்கள். திட்ட மதிப்பீட்டின் நகல், வரைபடம், பணி ஆணை ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பதில் தர 30 நாள் காலக்கெடு உண்டு. அதனால் ஜனவரியில் கேட்டால்தான் மார்ச்சுக்கு முன் கைக்கு வரும்.

சட்டத்தில் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2017-ஆம் ஆண்டின் ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டுதல், சுத்திகரிக்காத கழிவுநீர், கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் ஆகியவற்றைத் தடை செய்கின்றன. ஆனால் அதே விதிகள் பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட நீர்நிலைகளையும் குடிநீருக்கென்றே கட்டப்பட்டவற்றையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கிவிடுகின்றன. நம் ஏரிகள் கிட்டத்தட்ட எல்லாமே பாசனத்துக்காக வெட்டப்பட்டவை என்பதால், இந்த விதிகளை மட்டும் மேற்கோள் காட்டி எழுதும் மனு ஒரே வரியில் நிராகரிக்கப்படலாம். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவையாக வரைபடத்தில் குறிக்கப்பட்ட 2,01,503 ஈரநிலங்களையும் பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. பாசன ஏரிக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் வாதத்துக்கு இடமுண்டு என்றாலும், உங்கள் ஏரி அந்தப் பட்டியலில் இருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஆக்கிரமிப்பு பற்றிய புகார் என்றால் 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நேரடியாக உதவும். நீர்வளத்துறை ஏரிகளுக்கு அது பொருந்துகிறது, எல்லை அளந்து காட்டும் கடமையையும் விதிக்கிறது.

மூன்றாவதாக, என்ன கேட்பது என்பது. "தூர்வாராதே" என்று கேட்காதீர்கள். தூர்வாருதல் ஆயக்கட்டு உழவர்களின் நியாயமான தேவை. வண்டல் எடுப்பது ஏரிக்கும் வயலுக்கும் நல்லது. அதை எதிர்த்தால் ஊரிலேயே நீங்கள் தனித்துவிடுவீர்கள். வேடந்தாங்கல் ஏரி இத்தனை காலம் நிலைத்ததே பறவை எச்சம் கலந்த நீர் தம் வயலுக்கு உரம் என்று உழவர்கள் கண்டுகொண்டதால்தான்; 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு கேட்டுப் பெற்றதும் ஊர் மக்கள்தான். பின்னாளில் அந்தச் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றெல்லையை மூன்றாகக் குறைக்கும் முன்மொழிவு 2020-இல் எழுந்தபோது மாநிலம் முழுவதும் கிளம்பிய எதிர்ப்புக்கு இந்த நீண்ட உறவும் ஒரு காரணம்.

நீங்கள் கேட்க வேண்டியவை இவை: பணியை மே நடுவில் தொடங்க வேண்டும், வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஏரிக்கு அதன் பிறகும் நான்கு மாதங்களுக்கு மேல் இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. ஆழப்படுத்துவதைக் கரையையும் மதகையும் ஒட்டிய பகுதியோடு நிறுத்தி, நீர்ப்பிடிப்புப் பக்கத்தின் இயற்கைச் சரிவைத் தொடாமல் விட வேண்டும். நடைபாதை கரை மீது மட்டும், ஊர் இருக்கும் பக்கத்தில் மட்டும் வர வேண்டும். எஞ்சிய பக்கங்களில் விளக்குக் கம்பங்கள் வேண்டாம். காய்ந்த ஏரித் தரையில் ஆள்காட்டி போன்ற உள்ளூர்ப் பறவைகள் கோடையில் முட்டையிடுவதால், ஒரே சமயத்தில் முழு ஏரியிலும் இயந்திரம் இறக்காமல் பகுதி பகுதியாக வேலை செய்ய வேண்டும். வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்பையும் கழிவுநீரையும் முதலில் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கையை உழவர்களே உங்களுக்கு முன் எழுப்புவார்கள். அதில் நீங்கள் அவர்களோடு நில்லுங்கள்.

இதை எழுப்ப ஓர் அரிய வாய்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 2022-இல் சேர்க்கப்பட்ட இரண்டு நாட்களில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. உள்ளான்கள் கொழுப்பு சேர்க்கும் வாரத்திலேயே, தண்ணீர் பற்றிப் பேசவே கூடும் அவை அது. முன்னதாகவே ஊராட்சித் தலைவரிடமும் ஆயக்கட்டுதாரர்களிடமும் பேசி, தீர்மானத்தை நான்கைந்து வரிகளில் சர்வே எண்களோடு எழுதிக் கொண்டுபோங்கள். தீர்மானப் புத்தகத்தில் பதிவானதும் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதை இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். நீர்வளத்துறைச் செயற்பொறியாளருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் பிரதிகள் அனுப்புங்கள். ஊர் மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் கிராம சபை கிடையாது. வார்டு உறுப்பினரும் பகுதி சபையும்தான் வழி, அது சற்றுக் கடினமான வழி.

இப்படித் தொடர்ந்து எழுதிவைப்பதால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பூர் நஞ்சராயன் குளம் நல்ல உதாரணம். சாயக் கழிவும் நகரக் கழிவுநீரும் சூழ்ந்த ஊரில், ஏறத்தாழ 126 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் குளத்தில் பட்டைத்தலை வாத்து உட்பட எந்தெந்தப் பறவை எப்போது வருகிறது என்று உள்ளூர் ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்துவந்தார்கள். 2022-இல் அது மாநிலத்தின் பதினேழாவது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் கழுவெளியோடு சேர்ந்து, பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. இன்று தமிழ்நாட்டில் 20 ராம்சார் தலங்கள் இருக்கின்றன. 2021 வரை கோடியக்கரை ஒன்றுதான் இருந்தது.

ஆனால் அறிவிப்போடு வேலை முடிந்துவிடும் என்று நம்பவும் கூடாது. ஒரு காலத்தில் ஐந்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணிக்கப்படும் பள்ளிக்கரணைச் சதுப்பில், நெடுநாள் மக்கள் முயற்சிக்குப் பின் 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமானது. அந்த எல்லைக்கோடு சர்வே எண் வாரியாகத் தரையில் எங்கே விழுகிறது என்பது தெளிவாக்கப்படாததால், எல்லைக்குள்ளும் அதை ஒட்டியும் கட்டுமான அனுமதிகள் தொடர்பான சர்ச்சை எழுந்தது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லையும் அதன் தாக்க மண்டலமும் முறையாக வரையறுக்கப்படும் வரை ராம்சார் பகுதியிலும் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய அனுமதிகளை நிறுத்திவைக்க உத்தரவிட வேண்டியிருந்தது. உங்கள் ஏரியின் சர்வே எண்களை எடுத்துக்கொள்ளச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மனுவுக்குப் பதில் வராமல் இயந்திரங்கள் இறங்கிவிட்டால் சென்னையிலுள்ள அதே தென்மண்டல அமர்வை அணுகலாம். வழக்கறிஞர் இல்லாமலும் மனு செய்ய முடியும் என்றாலும், சுற்றுச்சூழல் வழக்குகளில் பழகிய ஒருவரின் உதவி நல்லது. பறவைப் பதிவுகள், இடக்குறியீடு உள்ள படங்கள், அ-பதிவேடு, தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற வரைபடம், கிராம சபைத் தீர்மானம், ஒப்புகைச் சீட்டு எல்லாம் அப்போது ஆதாரங்களாக வரிசைப்படும். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். பேச்சுவார்த்தை என்றும் மறு ஆய்வு என்றும் இழுத்தடிக்கப்பட்டு இந்தக் கெடு கடந்துபோன வழக்குகள் உண்டு. ஆகவே பணி ஆணையின் தேதியையும் முதல் பொக்லைன் ஏரிக்குள் இறங்கிய நாளையும் அன்றன்றே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.